முப்பது வினாடி

ஆஸ்பத்திரியில் ரத்தப் பைகளைப் பெட்டியில் கொண்டுவரும் பெட்டிக்காரரின் தொண்டையில் ஆறு வருடமாக மேலிடம் கொடுத்த ஒரு மெமோ முள்ளாக நிற்கிறது. ‘ரத்தம் கொண்டுவரத் தாமதித்தார்.’ அன்றைக்கு அவர் ரத்த வங்கி ஜன்னலில் பெட்டியோடு காத்து நின்றதுதான் மிச்சம். சீட்டு வராமல் பை தரமாட்டார்கள். சீட்டைத் தராதது கம்ப்யூட்டர், பழி இவர் தலையில். அன்றுமுதல், அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டரம்மாவுக்கு அவர் ஒரு வணக்கம்கூட வைத்ததில்லை.

அந்தம்மா யாரோடும் ஒட்டாதவர். மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலில் நூல் சுற்றியிருப்பார். மாற்றச் சொன்னால், “ஓடுதுல்ல, விடுங்க” என்பார்.

இன்று காலை பிரசவ அறையில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அரிய ரத்த வகை. பொருத்தம் பார்த்து வைத்தது இரண்டே பை. நர்ஸ் கம்ப்யூட்டரில் ரத்தம் கேட்கும் பட்டனை அழுத்தினார். ‘முடியவில்லை’ என்றது திரை. மறுபடியும் அதே. மூன்றாம் முறை, ‘இருப்பு இல்லை’. வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப டாக்டர் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். வாசலில் புருஷன்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கம்ப்யூட்டரம்மா மூச்சிரைக்க வந்தார். “யாரும் பட்டனைத் தொடாதீங்க. இப்பதான் கம்ப்யூட்டர் பதிவைப் பார்த்தேன். பை உள்ளதான் இருக்கு.”

“பின்ன ஏன் இல்லைங்குது?” என்று கடுகடுத்தார் பெட்டிக்காரர்.

“ஜாவாங்கற கம்ப்யூட்டர் மொழியில எழுதினது அண்ணே. கேட்ட வேலையைப் பின்னாடி ஓடவிட்டுட்டு பதிலுக்குக் காத்திருக்கும். எவ்வளவு நேரம்னு நாம சொல்லலைன்னா, அதுவா முப்பது செகண்ட் வச்சுக்கும். இங்க நாப்பது ஆகுது. இது ‘முடியல’ன்னு கையை விரிச்சிடுது, உள்ள வேலை நிக்காம முடிஞ்சிடுது. முதல் ரெண்டு அழுத்தலுக்கே ரெண்டு பையும் இந்தப் பொண்ணு பேர்ல ஒதுக்கியாச்சு, அதான் மூணாவதுக்கு இல்லைங்குது.”

டாக்டர் கையாலேயே சீட்டு எழுதிக் கொடுத்தார். பெட்டிக்காரர் லிப்டுக்கு நிற்காமல் படியில் ஓடினார்.

வங்கிக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கையால எழுதினதா? என் வேலை போயிடும்யா.”

“என் வேலையும் சேர்ந்து போகட்டும். உள்ள போய்ப் பையில இருக்குற பேரைப் பாருய்யா.”

தட்டில் அந்தப் பேரில் இரண்டு பை இருந்தன.

மதியத்துக்குள் ரத்தப்போக்கு நின்றது. காலிப் பெட்டியோடு அவர் கம்ப்யூட்டரம்மா அறைக்குப் போனார். “அப்ப அன்னைக்கு?”

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “பழைய பதிவையும் எடுத்துப் பார்த்தேன். அன்னைக்கும் இதே முப்பது செகண்ட்தான். ஓடுதுல்லன்னு நான் பார்க்காமலே விட்டுட்டேன்.”

பெட்டிக்காரர் காலிப் பெட்டியை மேசையோரம் இறக்கி வைத்தார்.

“மெமோ இருக்கா?” என்று கேட்டார் அந்தம்மா.

“கழுத்துல மாட்டிக்கிட்டா திரிவேன்? வீட்ல கிடக்கு.”

“நாளைக்கு எடுத்துட்டு வாங்க அண்ணே. தப்பு யாருதுன்னு அதுக்குக் கீழ எழுதி நான் கையெழுத்துப் போடணும்.”