மைனஸ் முப்பத்தாறில் ஒரு புள்ளி

மைனஸ் முப்பத்தாறு டிகிரி. தெமியானாவின் பதவி உயர்வு அந்த வெப்பநிலையில் மாட்டிக்கொண்டிருந்தது.

2024 ஜூன் மாதம். கெய்ரோவில் வெயில் நாற்பதைத் தாண்டியிருந்தது. மின்சாரம் தினமும் இரண்டு மணி நேரம் போகும், சில நாள் மூன்று. தெமியானா இயற்பியல் துறையில் பன்னிரண்டு ஆண்டுகளாக விரிவுரையாளர். வாக்யூம் பம்புக்கு ஊற்றும் தடித்த எண்ணெய் ஒன்றைக் குளிரவைத்து, அது கண்ணாடியாக இறுகும் நேரத்தில் உள்ளே மூலக்கூறுகள் எப்படி நகர்கின்றன என்று அளப்பது அவள் வேலை. கட்டுரை எழுதி அனுப்பியாயிற்று. ஆய்விதழும் கிட்டத்தட்ட ஏற்றுக்கொண்டது. பெயர் தெரியாத நடுவர் ஒருவர் மட்டும் ஒரு வரி சேர்த்திருந்தார்: இன்னும் மூன்று டிகிரி கீழே ஒரு புள்ளி இருந்தால் நன்று. மாதம் முடிவதற்குள் அனுப்பவும்.

நன்றாம்! எழுதுகிறவருக்கு என்ன, ஒரு வரி. அந்த எண்ணெயை மூன்று டிகிரி இறக்கினால் உள்ளே எல்லாம் பத்து மடங்கு மந்தமாகும். மைனஸ் முப்பத்து மூன்றில் ஒரு நாளில் நிலைக்கு வந்த திரவம் முப்பத்தாறில் பத்து நாள் கேட்கும். அந்தப் பத்து நாளும் வெப்பநிலை இம்மி அசையக் கூடாது. நடுவில் மின்சாரம் போனால் எண்ணெய் இளகிவிடும், மறுபடி முதலிலிருந்து. கல்லூரியில் ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. டீசலுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அலெக்ஸாண்ட்ரியாவில் கடல் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

ஆய்வகத்தில் தொடங்கிய ஒவ்வொரு முறையும் மின்சாரம் அவளை முந்திக்கொண்டது. கடைசியில் குளிர்பெட்டியையும் அளவுக் கருவியையும் டாக்சியில் ஏற்றித் தான் குடியிருக்கும் ஷுப்ரா பகுதிக்கே கொண்டுவந்தாள். அவள் வீட்டுக்கு எதிரே ஹாஜி பக்ரியின் உறைமீன் கடை. மீனுக்காக அங்கே ஜெனரேட்டர் எப்போதும் தயார்.

"என்ன டாக்டரம்மா, உள்ளே மீனா?"

"எண்ணெய், ஹாஜி."

"பொரிக்கவா?"

"ஆராய்ச்சிக்கு. உள்ளே மூலக்கூறு நகர்றதை அளக்கணும். ஒரு பிளக்கு போதும்."

பக்ரி குனிந்து பெட்டிக்குள்ளிருந்த எண்ணெயைப் பார்த்தார். "எங்கே, ஒண்ணும் நகரலையே?"

"நகருது. ரொம்ப மெதுவா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மெட்ரோவுல போயிருக்கீங்கல்ல?"

"நான் அதுல ஏறி ஏழு வருஷம் ஆச்சு. ஏறுறது சுலபம்மா. எறங்கத்தான் முடியாது."

"அதேதான்! ஒருத்தன் அசையணும்னா சுத்தி நிக்கிறவன் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஒதுங்கணும். குளிரக் குளிர நெரிசல் கூடும். ஒரு மூலையில நாலு பேரு இடம் மாறுவான், பக்கத்து மூலையில ஒருத்தனும் அசைய மாட்டான். எல்லா மூலையும் மாறி முடிக்கிற வரைக்கும் நான் காத்திருக்கணும்."

"இதுக்குச் சம்பளம் தர்றாங்களா?"

"மீன் வாங்குற அளவுக்குத் தர்றாங்க."

"இறாலா, கானாங்கெளுத்தியா?"

"கானாங்கெளுத்தி."

"அப்ப கம்மிதான். வை, அந்த மூலையில வை."

அன்றிலிருந்து காலையும் மாலையும் மீன் நாற்றத்தில் நின்றாள். வாங்க வருகிறவர்கள் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் ஐஸ்கிரீம் விலை கேட்டார். ஏழாம் நாள் துறைத்தலைவர் ஸாபெத் போனில் கூப்பிட்டார்.

"நம்பர் நின்னுடுச்சுன்னு சொன்னியே. அதையே எடுத்து அனுப்பு."

"திரையிலதான் நின்னிருக்கு, டாக்டர். லேப்டாப்புல அஞ்சாவது இலக்கம் இன்னும் இறங்கிட்டே இருக்கு. திரவம் இன்னும் ஊர் வந்து சேரலை."

"அஞ்சாவது இலக்கத்தை யாரும்மா பார்ப்பா? நான் நடுவரா இருந்தா பார்க்க மாட்டேன்."

"தெரியும், டாக்டர்."

"செப்டம்பர்ல பதவி உயர்வுக் கமிட்டி. கட்டுரை ஏத்துக்கிட்டதா கடிதம் இல்லைன்னா உன் பேரு பட்டியல்ல வராது. அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் மாலை தெருவே இருட்டு. பக்ரியின் கடையில் மட்டும் விளக்கு. ஜெனரேட்டர் ஓடும் கடையென்றால் தெரு முழுதும் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும், அவரும் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார். பிளக்குப் பலகையிலிருந்து போன்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. தெமியானா கூட்டத்தை இடித்துக்கொண்டு மூலைக்குப் போனாள். பெட்டியின் திரை கறுப்பாக இருந்தது. அதன் பிளக்கு தரையில் கிடந்தது.

"யாரு இதைப் புடுங்கினது?"

"நான்தாம்மா" என்றாள் மூன்றாம் மாடி உம்மு ஷாதி. மூத்த மகன் ஷாதியின் பெயரில்தான் தெரு அவளை அழைக்கும். "மூணு நாளா வர்றப்பல்லாம் பார்க்கிறேன், நம்பர் மாறவே இல்லை. பெட்டி கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். ஹாஜிக்கு டீசல் வீணாகுதேன்னு..."

"மாறுதா இல்லையான்னு பார்க்கத்தானே அதை வச்சிருக்கேன்!"

"மாறாததை எதுக்குப் பார்க்கணும்? முப்பது வருஷமா என் புருஷனையே நான் பார்க்கிறதில்லை."

கடை சிரித்தது. பக்ரி மட்டும் தலையில் கை வைத்தார். தெமியானாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் பெட்டியின் பிளக்கு இருந்த இடத்தில் ஷாதியின் போன் தொங்கியது. பையனுக்கு மறுநாள் பள்ளி இறுதித் தேர்வு, பாடமெல்லாம் அதற்குள்தான்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இப்பத்தான். முக்கால் மணி நேரம் இருக்கும்."

முக்கால் மணி நேரம் போதும். குளிர்பெட்டி செத்த பிறகும் பேட்டரியில் ஓடிய லேப்டாப், தன்னோடு இணைந்த வெப்பமானி வழியே எண்ணெய் சூடேறி இளகியதைக் கோடாக வரைந்து வைத்திருந்தது. எட்டு நாள் போயிற்று.

வீட்டுக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். தேதி இருபத்தேழு. ஸாபெத் சொன்னபடி பழைய நம்பரை அனுப்பலாம். அதில் கொஞ்சம் கழித்து, மற்ற புள்ளிகளின் கோட்டில் சரியாக உட்காரும்படியும் செய்யலாம். ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கோட்டைப் பார்த்து வைத்த புள்ளி கோட்டில்தான் உட்காரும். அது உட்காருமா என்றுதானே அந்த நடுவர் கேட்டிருக்கிறார்? எரிச்சல் தாங்கவில்லை. நடுவரைத் திட்டினாள், மின்வாரியத்தைத் திட்டினாள், போன் கண்டுபிடித்தவனையும் விடவில்லை. பிறகு ஆய்விதழுக்கு நாலு வரி தட்டினாள்: கேட்ட வெப்பநிலையில் திரவம் நிலைக்கு வருமுன் மின்சாரம் தடைப்பட்டது. புள்ளி கைவசம் இல்லை. அவகாசம் வேண்டும்.

காலையில் கடைக்குப் போனபோது பக்ரி குளிர்பெட்டியின் பிளக்கைச் சுவரோடு சேர்த்துப் பட்டை பட்டையாக டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இனி எவளாவது தொடட்டும். கத்தி வச்சிருக்கேன்."

"கத்தியெல்லாம் வேண்டாம், ஹாஜி. உம்மு ஷாதிக்குத் தனியா ஒரு பிளக்கு கொடுங்க."

"கொடுத்துட்டேன். மறுபடி எத்தனை நாள் நிப்பே?"

"பத்து."

"யா ரப்பி, என் இறைவனே!" என்றார் பக்ரி. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

அவகாசம் கிடைத்தது. ஜூலை இரண்டாம் வாரத்தில் ஐந்தாவது இலக்கமும் நின்றது. புள்ளி கோட்டுக்குச் சற்றுக் கீழே விழுந்தது. கட்டுரையை ஏற்ற கடிதம் அக்டோபரில் வந்தது. கமிட்டி செப்டம்பரிலேயே கூடிக் கலைந்திருந்தது. அடுத்த கூட்டம் அடுத்த ஆண்டு.