வாழ்த்து மடலின் நான்காவது வரி

1. ஒரு சனிக்கிழமை பிற்பகல், வெளிநாட்டு நகரம் ஒன்றின் வணிக வளாகத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து, கண்ணில் பட்டவர்களைச் சுட்டான்.

2. அந்த வளாகத்தில் குழந்தைகள் துணிக்கடை ஒன்றில் என் சித்தி மகள் பில் போடும் வேலையில் இருந்தாள்.

3. கடையில் இருந்த பதினான்கு பேரைப் பின்னால் இருந்த சரக்கு அறைக்குள் சேர்த்துவிட்டு, அவள் வாசலுக்கு ஓடி ஷட்டரை இறக்கினாள்.

4. பதினான்கு பேரும் பிழைத்தார்கள். வளாகத்தின் மற்ற இடங்களில் இருந்த பலர் பிழைக்கவில்லை.

5. மறுநாள் காலை அவள் சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லார் கைபேசியிலும் அவள் முகம் இருந்தது. மாலைக்குள் பேருந்து நிலையத்தின் எதிரே ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள்.

6. ராஜபாளையத்தில் நான் பொறாமைப்பட்டேன்.

இப்படி எண் போட்டு எழுதுவது மில்லில் வந்த பழக்கம். நான் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பொறியாளர். அங்கே எந்த விபத்து நடந்தாலும், யாருக்கும் அடிபடாவிட்டாலும், அன்றைக்கே ‘நிகழ்வு வரிசை’ என்று ஒரு தாள் எழுத வேண்டும். ஒரு வரிக்கு ஒரு செயல். யார், எப்போது, என்ன செய்தார். ‘துணிச்சலாக’, ‘கவனக்குறைவாக’ போன்ற சொற்களுக்கு இடமில்லை. இரண்டு வரிகளுக்கு நடுவே நேரம் விட்டுப்போயிருந்தால் மேலாளர் அந்த இடத்தில் பென்சிலை வைத்து, “நடுவுல என்ன நடந்தது?” என்று கேட்பார். பதில் எழுதாமல் தாள் கோப்புக்குள் போகாது.

அந்தக் கோப்பில் என்னைப் பற்றியும் ஒரு தாள் இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரத்தின் பெல்ட்டில் ஒரு பெண்ணின் முந்தானை மாட்டியது. மேல்கோட்டுக்குக் கீழே வெளியே வந்திருந்த முந்தானை. நான்கு அடி தள்ளி நின்றிருந்த நான் சுவிட்சை அடித்து நிறுத்தினேன். சேலை கிழிந்தது, ஆள் தப்பித்தாள். மாட்டியது 10.42, நின்றது 10.42. என் தாளில் இடைவெளி கிடையாது. மேலாளர், “நல்ல வேளை. மெஷின் எப்ப ஓடும்?” என்றார். வீட்டில் சொன்னபோது அப்பா, “பெல்ட் போச்சா?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

சித்தி மகள் என்னைவிட இரண்டு மாதம் இளையவள். பிளஸ் டூ கணக்கில் அவளைத் தேற வைத்தது நான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவாள். கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு என் வளையல்களைப் போட்டுப் பார்ப்பாள். இப்போது அவள் படித்த பள்ளி, அவள் ஊரில் இல்லாமலே அவளுக்கு விழா எடுத்தது. அவளைப் பெஞ்ச் மேல் ஏற்றி நிறுத்திய ஆசிரியை, “அப்பவே அவ முகத்துல ஒரு தெளிவு இருக்கும்” என்று தொலைக்காட்சியில் சொன்னார். அவள் வீட்டுத் தெரு சர்ச்சில் அவளுக்காக ஜெபித்தார்கள், கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்று, “அந்தப் பிள்ள துப்பாக்கியவே பிடுங்கிட்டாளாம்லா!” என்றார். பிடுங்கவில்லை என்று நான் திருத்தினேன். முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்து, “இவுகளுக்கு வயித்தெரிச்சல்” என்றாள். அவளுக்கு என்னைத் தெரியாது. ஆனால் சரியாகத்தான் சொன்னாள்.

மில் கேண்டீனில், “மேடம், அவிய உங்க தங்கச்சியாமே? வந்தா ஒரு செல்பி” என்றார்கள். நான் பெல்ட்டிலிருந்து காப்பாற்றிய பெண்ணும் அந்த வரிசையில் நின்றாள். அந்த மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு மணி நேரம் அவளைப் பற்றியே விசாரித்தார்கள். எழுந்து போகும்போது மாப்பிள்ளையின் அம்மா, “நீ என்ன வேல பாக்கம்மா?” என்றார்.

அவள் விடுப்பில் வருவது உறுதியானதும், ஊர்க்காரர்கள் எடுக்கும் பாராட்டு விழாவில் வாசித்துக் கொடுக்க வாழ்த்து மடல் வேண்டும் என்றார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட, பூ ஓரம் அச்சடித்த, எங்கள் ஊர் விழாக்களில் யாருக்கும் தவறாத மடல். அவள் அப்பாவான சித்தப்பா எனக்குப் போன் செய்தார். “நீதான் எழுதணும். உனக்குத்தான் அவளப் பத்தி அம்புட்டும் தெரியும்.” சித்தப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் குமாஸ்தா. எழுத்து என்றால் அவருக்குப் பயம் கலந்த மரியாதை.

விவரம் கேட்க ஒரு மாலை அவளை அழைத்தேன்.

“ஏட்டி, எல்லாரும் கேட்டதத்தான் நீயும் கேக்கப் போறியா?”

“நான் வரிசையாக் கேப்பேன். சத்தம் கேட்டப்ப எங்க நின்ன?”

சொன்னாள். சத்தம் கேட்டது. வெளியே ஆட்கள் ஓடுவது தெரிந்தது. கடையில் இருந்தவர்களை அறைக்குள் விட்டாள். ஷட்டரை இறக்கினாள். நான் எழுதிக்கொண்டே வந்தேன். பழக்கத்தில் பேனா ஓரிடத்தில் நின்றது.

“சத்தம் கேட்டதுக்கும் அவியள உள்ள விட்டதுக்கும் நடுவுல என்ன செஞ்ச?”

அந்தப் பக்கம் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“ஒருத்தரும் இதக் கேக்கலட்டி,” என்றாள். “மொதல்ல நான் மட்டுந்தான் உள்ள ஓடுனேன். உள்பக்கமாப் பூட்டிக்கிட்டேன். வெளிய நின்னு தட்டுனாக. சின்னப் பிள்ளைக அழுதுச்சு. நான் தொறக்கல.”

“எம்புட்டு நேரம்?”

“தெரியல. ஒரு நிமிஷம் இருக்கும். ரெண்டும் இருக்கும். பொறவு தொறந்தேன். ஏன்னு கேக்காத, அதுவும் தெரியல.” மூக்கை உறிஞ்சினாள். “இத எழுதிருட்டி. மேடையில என்னைய நிக்க வச்சு வாசிப்பாக. இது இல்லாம வாசிச்சா என்னால நிக்க முடியாது. நானாச் சொல்ல வாய் வரல. நீ எழுதுனா உள்ளத எழுதுவ.”

எழுதுகிறேன் என்றேன். போனை வைத்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். இதை மறைத்து எழுத முடியாது. அவள் தாளில் இடைவெளி இருந்தது, என் தாளில் இல்லை. அதைச் சொல்லச் சொல்லி அவளே கேட்டிருக்கிறாள். நான் நல்லவளாகவும் இருக்கலாம், அவளைக் கீழே இறக்கவும் செய்யலாம். மறுநாள் கேண்டீனில் டீ ஆறும் வரை உட்கார்ந்து எழுதினேன். மொத்தம் ஒன்பது வரிகள். நான்காவது இது:

‘முதலில் அவர் தனியாக அறைக்குள் சென்று பூட்டிக்கொண்டார், மற்றவர்கள் தட்டியும் சிறிது நேரம் திறக்கவில்லை, பிறகு திறந்தார்.’

வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கொடுத்த தாளை வாய்விட்டுப் படித்தாள். நான்காவது வரியில் குரல் நின்றது. நான் காத்திருந்தேன்.

“பாவி மக,” என்றாள் அம்மா, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பூட்டிட்ட பொறவும் தொறந்துருக்கா பாரேன். நானா இருந்தா தொறந்துருக்க மாட்டேன்ட்டி.”

அப்பா தாளை வாங்கினார். இரண்டு முறை படித்தார். பெல்ட் சம்பவத்துக்கு நான் எழுதிய தாளை அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. “அவளாவா இத எழுதச் சொன்னா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தாளைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்திருந்தார்.

அப்போதுதான் எனக்குக் கணக்கு புரிந்தது. அந்த வரி இல்லாவிட்டால் அவள் ஃபிளெக்ஸில் இருக்கும் பெண். அந்த வரி இருந்தால் அதைவிடப் பெரியவள். அன்று சுவிட்சை அடித்தது, மாதாமாதம் ஒத்திகை பார்த்த கை. அவளுக்கு யாரும் ஒத்திகை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நான்காவது வரியில் நிமிர்ந்தார்.

“ஏம்மா, இது வாழ்த்து மடலா, குற்றப்பத்திரிகையா?”

“அவதான் எழுதச் சொன்னா.”

“அவ சொல்லுவா. எதிர்த்தரப்பு கேக்காத கேள்விக்கு நாமளா பதில் சொல்லப்பிடாது. கோர்ட்டுல இதுதான் மொதப் பாடம்.” சிவப்புப் பேனாவால் ஒரே கோடு இழுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “நீ என்ன சொல்லுத? வேணும்னா இருக்கட்டும். எழுதுனவ நீ.”

உண்மையாகவே கேட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்.

“உங்க இஷ்டம் சித்தப்பா,” என்றேன்.

அச்சகத்தில், “ஃபைனலா மேடம்?” என்றார்கள். ஃபைனல் என்றேன். அவளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அவள் இளைத்திருந்தாள். மேடையில் ஆளுயர மாலையோடு நின்றாள். மடலை வாசித்தவர் மூன்றாவது வரியை முடித்தபோது அவள் தலையைக் குனிந்து, இரண்டு கைகளையும் இறுகக் கோத்துக்கொண்டாள். தயாராகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வாசித்தவர் நேராக, பதினான்கு பேரை அறைக்குள் விட்ட வரிக்குப் போனார். அவள் நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான்காவது வரிசையில் கண்டுபிடித்தாள். பிறகு பின்னால் கையைத் துழாவி, நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். வாசிப்பு முடியும் வரை எழுந்திருக்கவில்லை.

“பாசத்துல பிள்ளைக்குக் காலு ஆடிருச்சு,” என்றார் என் பக்கத்தில் ஒருவர். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. பெஞ்ச் மேல் ஏற்றிய ஆசிரியை அழுதார்.

பந்தியில் அவளாகவே வந்து என் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள்.

“எங்கட்டி அந்த வரி?”

“சித்தப்பா அடிச்சுட்டாக.”

“நீ ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லல.”

“ஏன்?”

இடைவெளியில் பென்சிலை வைத்துக் கேட்கும் கேள்வி. சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போனாள். அவள் இலையில் எதுவும் தொடப்படவில்லை.

இப்போதைய நிலை இதுதான். அவள் திரும்பிப் போய் நான்கு மாதங்கள் ஆகின்றன. அந்தக் கடை வேலையை விட்டுவிட்டாள் என்று சித்தி சொன்னாள். எட்டு வரி மடல் சித்தப்பா வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. ஒன்பது வரித் தாளைப் படம் எடுத்து, அடியில் ‘அன்று நான் சொல்லாதது பொறாமையால்’ என்று எழுதி, போன வாரம் அவளுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் வரவில்லை. பொறாமை இன்னும் இருக்கிறது.