துரைமார் பார்த்த மஞ்சள் தலைப் பறவை

ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த முப்பதுகளின் தொடக்கம். குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் கிராணியாக, கணக்கு எழுதுபவனாக, இருந்தேன். கூட இருந்த கிராணிக்குச் சீட்டுக் கிழிந்துவிட்டது. அடுத்தது நான்தான் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் துரைக்குப் பறவைப் பைத்தியம். அவர் ஊரில் அப்போது வசந்த காலமாம். வடக்கே திரும்புகிற பறவைகள் எங்கள் ஏரியில் இறங்கிப் போகுமாம். "கிராணி, தினம் விடியக்காலையிலே ஏரிக்குப் போ. என்னென்ன பறவை வருதுன்னு எழுது" என்றார்.

மூன்று நாள் ஒழுங்காகப் போனேன். கொக்கு, நாரை, மீன்கொத்தி, தாமரை இலைமேல் நடக்கும் நீளவிரல் கோழி எல்லாம் எழுதினேன். அட்டைக்கடி தாங்கவில்லை. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது, வராத ஆளையும் வந்ததாக எழுதிப் பழகிய கை இது. நான்காம் நாள் முதல் படுக்கையிலேயே எழுதினேன்.

"கொசுவலைக்குள்ள படுத்துக்கிட்டு கொக்கு எண்ணுறீங்களே, மாட்டுனா என்ன ஆகும்?" என்றாள் மனைவி.

ஒருநாள் எழுதப் பறவையே மிச்சமில்லை. வெள்ளை உடம்பு, மஞ்சள் தலை, சிவப்புக் கால், வாத்து அளவு என்று ஒன்றைப் படைத்தேன். படித்த துரை நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார். அந்த ஞாயிறே சிங்கப்பூரிலிருந்து இரண்டு துரைமார் தூரக்கண்ணாடியோடு வந்து இறங்கினார்கள்.

மறுநாள் விடியலில் நால்வரும் ஏரிக்கரைச் சேற்றில் குந்தியிருந்தோம். அன்றைக்கென்று எல்லாப் பறவையும் வந்தது. மஞ்சள் தலை மட்டும் எங்கிருந்து வரும்? வெயில் ஏற ஏற எங்கள் துரையின் முகமும் சிவந்தது. வேலை போனாலும் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் வந்தவர்களில் குண்டாக இருந்த துரை கோரைப்புல் பக்கம் கையை நீட்டி, இங்கிலீஷில் "அதோ!" என்றார். மற்றவர் விடுவாரா? மஞ்சள் தலை நன்றாகத் தெரிகிறது என்றார்.

"செவப்புக் காலு! பாத்தியா கிராணி?" என்றார் எங்கள் துரை.

அங்கே புல் ஆடியது, அவ்வளவுதான்.

"பாத்தேன் தொரை" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி வயிறு வலிக்கச் சிரித்தாள். "மூணு தொரையும் பாத்துட்டாங்களா? அப்ப நீங்கதான் குருடா?"

வேலை நிலைத்தது. மறுநாளிலிருந்து வெட்கத்தில் தினமும் ஏரிக்குப் போனேன். அவர்களாவது ஆசையில் பார்த்தார்கள். இல்லையென்று நன்றாகத் தெரிந்தே பார்த்தவன் நான் ஒருவன்தான் என்பது, சிரிப்புக்கு நடுவே இன்றும் என்னை உறுத்துகிறது.