ஜேர்சி இல்லாமல் வந்த கோடை

சுவிஸில் ஓல்டன் நகருக்கு அருகில் ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாடு பரிமாறுவது என் வேலை. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில், ஒரு ஸ்பானியப் பயிற்சியாளர் கோடைப் பயிற்சிக்காகத் தன் காற்பந்து அணியோடு அங்கே வந்து தங்குவார். ஒரு காலத்தில் அவரே பெயர்போன ஆட்டக்காரராம். ஒரு வருடம் சிவப்பு ஜேர்சியில் வருவார், அடுத்த வருடம் நீலம். அணிதான் மாறும், ஆள் மாறமாட்டார். இம்முறை என்ன நிறம் என்று ஊகிப்பது சமையலறையில் எங்களுக்கு ஒரு விளையாட்டு.

ஒரு கோடையில் அவர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும், வழக்கம்போல நீள மேசை முழுவதும் தட்டு வைத்துவிட்டேன். அவரோ வெள்ளைச் சட்டையில் தனியாக வந்து நின்றார்.

"அண்ணை, அந்தாளுக்கு இப்ப அணி இல்லையாம். கெதியாத் தட்டுகளை எடுங்கோ," என்றான் சமையலறை ரவி.

எடுக்கப் போனேன். அவர் தடுத்து, எதிர்க் கதிரையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார். வேலையை விட்டாரா, விலக்கிவிட்டார்களா என்ற கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது. அவர் முந்திக்கொண்டார். என் ஏப்ரனைச் சுட்டி, "இதற்கு முதல் என்ன உடுப்புப் போட்டிருந்தீர்கள்?" என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக இருந்தேன் என்றேன். சுவிஸுக்கு வந்த பிறகு ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. காணியை எப்படி அளப்பது என்று அவர் விடாமல் விசாரிக்க, முள்ளுக்கரண்டிகளை அடுக்கி மேசையிலேயே காட்டினேன். முடித்தபோதுதான் கவனித்தேன், எப்போது கழற்றினேனோ, ஏப்ரன் என் மடியில் கிடந்தது.

அடுத்த கோடையில் அவர் ஒரு புது அணியோடு வந்தார். வாசலில் கைகுலுக்கிவிட்டு உள்ளே போனேன். என்ன நிறம் என்று ரவி கேட்டான். நான் ஜேர்சியைப் பார்க்கவே இல்லை.