கால்வாய்ச் சாலைக்கு நடைபாதை கேட்டவர்

எங்கள் டோரன்வில் நகர மன்றம் மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடும். நான் அங்கே எழுத்தர். யார் என்ன பேசினார்கள், யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்கள் என்று குறிப்பெடுப்பது என் வேலை. பொதுமக்கள் பேசுவதற்குக் கூட்டத்தின் ஆரம்பத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் உண்டு. ஒன்பது வருஷம் அந்த நேரத்தில் நான் தவறாமல் கூப்பிட்ட பெயர் லைல் ஹட்ஸ்பெத்.

மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து வருவார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். எல்லாருக்கும் அவரைத் தெரியும் என்றாலும் பேரையும் விலாசத்தையும் முழுசாகச் சொல்வார். பிறகு ஒரே கோரிக்கைதான். "கால்வாய்ச் சாலைக்கு ஒரு நடைபாதை வேணும். பாலத்துல சைக்கிள் போக ஒரு ஓரம் வேணும்." அன்றைய பட்டியலில் இல்லாத விஷயத்துக்கு மன்றம் பதில் சொல்லக் கூடாது என்பது சட்டம். அதனால் மேயர் டில்லர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், "நன்றி, லைல்" என்பார். லைல் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்வார். சில வாரங்களில் அவர் பெயரை யாரும் வாயால் சொன்னது அந்த இரண்டு தடவைதான் இருக்கும்: நான் கூப்பிட்டது ஒன்று, மேயர் நன்றி சொன்னது ஒன்று.

பாதாம் தோல் உரிக்கும் ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். அறுபத்திரண்டாவது வயதில், வேலையில் இருக்கும்போதே வலிப்பு வந்து விழுந்தார். டாக்டர் எழுதி அனுப்ப, அரசாங்கம் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டது. பிக்கப் வண்டி கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் போயிற்று. தேவாலயத்தில் பழைய சாமான் விற்ற அன்றைக்கு ஒரு சைக்கிள் வாங்கினார். அதில் ஏறிப் பாலத்தைக் கடந்தபோதுதான் அந்தச் சாலையை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்ததாக என்னிடம் சொன்னார். "நாப்பது வருஷம் அதுல வண்டி ஓட்டியிருக்கேன் டெல்ஃபி. நடக்குறவனுக்கு அங்க இடமே இல்லங்கிறது எனக்குத் தெரியாது பாரு." பாலத்தில் சாலையோர வெள்ளைக் கோட்டுக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் அகலம். பாதாம் லாரி வந்தால் கால்வாய்த் தண்ணீர்தான் மிச்சம்.

அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. மனைவி நாடீனுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். பிறகு தெருப் பெயர். ஒருநாள் காலையில் பக்கத்துத் தோப்பில், கையில் ஒரு தலையணையுடன், யாரையோ தேடிக்கொண்டு நின்றாள். அவளை வைத்துப் பார்க்க முடியாமல், கால்வாய்க்கு அந்தப் பக்கம் இரண்டரை மைலில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார். அவர் ஊட்டினால்தான் காலைச் சாப்பாடு இறங்கும். அதனால் தினமும் ஆறு மணிக்கெல்லாம் சைக்கிளில் கிளம்பிவிடுவார். டிசம்பரில் எங்கள் பள்ளத்தாக்கை மூடுபனி மூடினால் முன்சக்கரம்கூடத் தெரியாது. சத்தத்தை வைத்து லாரி வருவதைக் கண்டுபிடித்து, இறங்கி, சைக்கிளோடு கம்பியில் ஒட்டிக்கொண்டு நிற்பார். நடுவில் ஒரே ஒரு தடவை, லாரி இடித்து விலா எலும்பு முறிந்து, இரண்டு செவ்வாய்க்கிழமை வரவில்லை. மூன்றாவது செவ்வாய்க்கிழமை கட்டோடு வந்து அதே கோரிக்கையைச் சொன்னார். லாரி இடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் பொறியாளர் ரூபேனுக்கு அவர்மேல் ஒரு மரியாதை உண்டு. மாநில அரசின் நிதிக்கு இரண்டு தடவை விண்ணப்பித்து இரண்டு தடவையும் இல்லை என்று வந்தது. மூன்றாவது தடவை கிடைத்தது. பழைய பாலத்துக்குப் பக்கத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமாக ஒரு சின்னப் பாலம், இரண்டு பக்கமும் பாதை, சாலையைக் கடக்கும் இடத்தில் விளக்கு. கால்வாய்க்குப் பொறுப்பான பாசனத் துறையின் அனுமதிக்கே ஒன்றரை வருஷம் ஓடியது.

அந்த அனுமதி வந்த பிப்ரவரியில் நாடீன் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, மூன்றாவது வரிசையில் லைல் உட்கார்ந்திருந்தார். பெயரைக் கூப்பிடவா வேண்டாமா என்று எனக்குத் தயக்கம். கூப்பிட்டேன். எழுந்து வந்தார். தொப்பி, பேர், விலாசம், நடைபாதை. எதையும் மாற்றவில்லை. மேயர் அன்றைக்குத் தலையைத் தூக்கி, "நன்றி, லைல். நாடீன் விஷயம் கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்றார். "ம்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

மே மாதம் டெண்டர் கவர்களைப் பிரித்தோம். அதை என் மேஜையில் வைத்து, மதியம் இரண்டு மணிக்கு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அறிவித்துச் செய்வது வழக்கம். கம்பெனி ஆட்களைத் தவிர ஒருத்தரும் வர மாட்டார்கள். லைல் வந்து சுவரோரமாக நின்றார். மூன்று கவர். மூன்றுமே ரூபேனின் மதிப்பீட்டைத் தாண்டிவிட்டன. மிகக் குறைவாகக் கேட்டிருந்ததே ஆறில் ஒரு பங்கு அதிகம். ரூபேன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இது நல்லதா கெட்டதா?" என்றார் லைல்.

"மன்றத்துக்குப் போகணும் லைல். சாலைப் பராமரிப்பு நிதிலேர்ந்து கொஞ்சம் எடுத்துத் தாங்கன்னு கேக்கணும். அதுக்கு அஞ்சுல மூணு ஓட்டு வேணும்."

"உங்கிட்ட எத்தனை இருக்கு?"

"ரெண்டு."

ஜூன் மாதத்து இரண்டாவது கூட்டத்தில் அது ஏழாம் எண்ணாக வந்தது. இந்த மாதிரி ஒப்பந்தங்களை மற்ற சில்லறை விஷயங்களோடு சேர்த்து ஒரே கைதூக்கலில் முடித்துவிடுவார்கள். அன்றைக்கு உறுப்பினர் டாயல் பிரூவிட், "ஏழாம் எண்ணத் தனியா எடுங்க" என்றார். டாயல் டயர் கடைக்காரர். கெட்ட மனிதர் இல்லை. மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார்.

"ரூபேன், சுத்தி வளைக்காம கேக்குறேன். நம்ம பள்ளிக்கூடத் தெருவுல குழி ஒவ்வொண்ணும் குளம் மாதிரி கெடக்கு. அந்த நிதிய எடுத்து இதுல போடச் சொல்றீங்க. இந்தப் பாதைய கேட்டது யாரு? ஒம்பது வருஷமா ஒரே ஒருத்தர். தப்பா எடுத்துக்காதீங்க லைல், உங்க மேல எனக்கு மதிப்பு உண்டு. ஆனா உங்க வீட்டம்மா இப்ப இல்ல. நீங்க அந்தப் பக்கம் போக வேண்டிய வேலையும் இல்ல. அப்ப யாருக்காக இதக் கட்டப் போறோம்?"

கூடத்தில் அன்றைக்கு நாய்ப் பூங்கா விஷயமாக நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவர்கள்கூடத் திரும்பி லைலைப் பார்த்தார்கள். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

லைல் கையைத் தூக்கினார். மேயர், "வாங்க லைல், மூணு நிமிஷம்" என்றார். விதி அது. அவர் வந்து நின்றபோது பேரையும் விலாசத்தையும் சொல்ல மறந்துவிட்டார். ஒன்பது வருஷத்தில் அது ஒரே தடவை.

"டாயல் சொன்னது நெசம்தான். எனக்கு இனிமே அந்தப் பாலம் வேண்டாம். ஆனா காலைல ஆறேகால் பஸ்ஸு பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்னுரும். அதுலேருந்து பதினோரு பொம்பளைங்க எறங்குவாங்க. எல்லாரும் அந்த இல்லத்துல வேலை பாக்குறவங்க. பஸ்ஸுலேருந்து அங்க வரைக்கும் நடைதான். நல்ல செருப்ப பையில போட்டுக்கிட்டு, பழச மாட்டிக்கிட்டு, சேத்துல நடப்பாங்க. ஒருத்தங்க மஞ்சக் கோட்டு போட்டிருப்பாங்க. ஒருத்தங்களுக்கு முட்டி சரியில்ல, அவங்க பாலத்துல ஏறினா மத்தவங்க நின்னு நின்னு போவாங்க. லாரி வந்தா எல்லாரும் கம்பியப் புடிச்சுக்கிட்டு மூச்சடக்கி நிப்போம். நானும் அவங்களும். அஞ்சு வருஷம் அப்படி நின்னிருக்கேன். ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது. குட்மார்னிங் சொல்லிக்குவோம், அவ்ளோதான்."

பேசுபவருக்கு நேரம் காட்டும் பச்சை விளக்கு மஞ்சளாக மாறியது.

"என் நாடீனுக்குத் தலை வாரிவிட்டது அவங்கதான். அவங்க யாரும் கேக்கலன்னு சொல்றீங்க. எப்படி டாயல் கேப்பாங்க? நீங்க கூட்டம் போடுறது ஆறு மணிக்கு. அங்க அப்பதான் ராச்சாப்பாடு ஊட்டுவாங்க. காலைல வந்தவங்கள்ல பாதிப் பேரு ரெண்டாவது ஷிப்டும் பாக்குறவங்க. அதுவும் இல்லாம..."

சிவப்பு விளக்கு எரிந்தது. மேயர் இன்னும் கொஞ்சம் பேசவிட்டிருப்பார். ஆனால் லைல் விளக்கைப் பார்த்துவிட்டு, "நேரமாச்சு" என்று போய் உட்கார்ந்துகொண்டார்.

டாயல் வேண்டாம் என்றே ஓட்டுப் போட்டார். பள்ளிக்கூடத் தெருவுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். இன்னொருவரும் அவரோடு சேர்ந்தார். இரண்டுக்கு இரண்டு. கடைசியாக மேயரின் முறை. அவர் பேனாவை மூடித் திறந்து, மறுபடி மூடி, "சரி" என்றார். "சரின்னா ஆமாவா?" என்று நான் கேட்க வேண்டியிருந்தது. "ஆமா" என்றார். மூன்றுக்கு இரண்டு. மிகக் குறைவாகக் கேட்ட கம்பெனிக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது என்று எழுதினேன். யாரும் கை தட்டவில்லை. "எட்டாம் எண், நாய்ப் பூங்கா" என்றார் மேயர். கூடம் மறுபடி இரைச்சலானது.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போனேன். லைல் அறிவிப்புப் பலகைக்கு எதிரே நின்றிருந்தார்.

"ஜெயிச்சுட்டீங்களே!" என்றேன்.

"ஆமா." தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். "வீட்டுக்குப் போயி இத யாருகிட்ட சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் மேயர் மணியைத் தட்டிவிட்டார், உள்ளே போய்விட்டேன். வெளியே வந்து பார்த்தபோது கம்பியில் பூட்டியிருந்த சைக்கிள் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. பொதுமக்கள் நேரம் வந்ததும் என் கண் தானாக மூன்றாவது வரிசைக்குப் போகும். "இப்ப நம்மளத் திட்ட ஆளே இல்லாம போச்சே" என்று மேயர் ஒருநாள் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். நான் ஒரு தடவை அவர் வீட்டு வழியாக வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். முன்ஜன்னலில் திரை போட்டிருந்தது. நிறுத்தவில்லை. என்ன சொல்லிக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. நானும் வீட்டில் காத்திருக்க யாரும் இல்லாதவள் என்பதால், அந்தத் திரையைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஆகஸ்டில் வேலை ஆரம்பித்து அடுத்த ஏப்ரலில் முடிந்தது. திறப்பு விழாவைப் பதினோரு மணிக்கு வைத்தார்கள். பஸ்ஸில் வரும் பெண்கள் எல்லாரும் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ரூபேன் தானே போய் லைலைக் கூட்டி வந்தார். ரிப்பன் வெட்டும் படத்தில் அவர் ஓரத்தில், பாதி டாயலுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறார். கூட்டம் கலைந்ததும் சைக்கிளில் ஏறிப் புதுப் பாலத்தின் மேல் போனார். நேராகப் போனார், வேகமில்லாமல். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வாரம் கழித்து என் மேஜைக்கு வந்தார். முகம் மெலிந்திருந்தது. பாதை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அருமையா இருக்கு. அன்னிக்கு அப்படியே இல்லம் வரைக்கும் போயிட்டேன். கால் பழக்கத்துல போயிருச்சு. உள்ள போனா, வாசல்ல ஒரு புதுப் பொண்ணு. நோட்ட நீட்டி, 'யாரப் பாக்க வந்திருக்கீங்க சார்?'ங்குது. பேனாவக் கையில வாங்கிட்டேன். அப்புறம் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"டெல்ஃபி, கூட்டத்துல பேசுறத எல்லாம் பதிவு பண்ணுவீங்கல்ல? ரொம்பப் பழசு இருக்குமா?"

"உங்க பேச்சா?"

"என் பேச்சு எதுக்கு. நான் மொதத் தடவ வந்தப்ப நாடீன்தான் கார் ஓட்டிக் கூட்டிட்டு வந்தா. அப்ப நல்லாத்தான் இருந்தா. எனக்குப் பின்னால உக்காந்திருந்தா. ஒரு வார்த்தை பேசினா, எனக்கு ஞாபகம் இருக்கு. வீட்ல போட்டோ நெறைய கெடக்கு. கொரல்தான் எங்கயும் இல்ல."

பத்து வருஷத்துக்கு முந்திய பதிவு வேறொரு அலமாரியில், தப்பான தேதி ஒட்டிய பெட்டியில் கிடந்தது. இரண்டு மதிய இடைவேளை தேடி எடுத்தேன். வெள்ளிக்கிழமை அவரை வரச் சொல்லி, காலியான மன்றக் கூடத்தில் உட்கார வைத்து ஒலிபெருக்கியில் போட்டேன்.

அவருடைய குரல் வந்தது. இப்போதைவிடக் கனம், கோபம். பாலத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசினார். விளக்கு வராத அந்தக் காலத்து மணி அடித்தது. அப்போதிருந்த மேயர் நேரம் முடிந்தது என்றார். அவர் நிறுத்தவில்லை. மறுபடி மணி. அப்போது பின்னாலிருந்து ஒரு பெண்குரல், தெளிவாக: "லைல், மணி அடிச்சாச்சு. வந்து உக்காரு. மத்தவங்களும் பேச வேண்டாமா?" கூடம் முழுக்கச் சிரிப்பு. நாற்காலி நகரும் சத்தம். பிறகு, ஒலிவாங்கியில் படும்படாமல், அதே குரல் மெதுவாக: "நல்லாத்தான் பேசின, போ."

இந்தக் கடைசி வரி அவருக்கு நினைவில் இல்லை போலிருக்கிறது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்று தடவை போடச் சொன்னார். பிறகு எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு, "போதும். கூடத்துக்கு யாராவது வருவாங்க, உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் வரை அந்தக் கூடத்தை யாரும் கேட்டிருக்கவில்லை. அதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.