இரண்டு மணிக்குள் உயிர் வந்த ரவுட்டர்

துபாய் ஜெபல் அலியில் தொழிலாளர் கேம்ப்பில் எங்கள் அறையில் ஆறு பேர். கிடங்கு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் என்பதால் அறையின் ரவுட்டர் என் பொறுப்பு. ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உறங்கியபோது அதன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். ஏசியின் ஒரே சீரான ஓசையில் எனக்கும் கண் செருகியது. அந்த மயக்கத்திலேயே எழுந்து டீ கெட்டிலின் பிளக் என்று நினைத்து ஒன்றைப் பிடுங்கினேன். கையோடு வந்தது ரவுட்டரின் பிளக்.

புதுப்பிப்பு பாதியில் அறுந்துவிட்டது. திரும்பச் செருகியதும் ஒரே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வேறு அசைவில்லை.

எதிர்க் கட்டிலில் இருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். ராமநாதபுரம் பக்கத்துக்காரன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். அவன் மனைவிக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. ஞாயிறுதோறும் இரண்டு மணிக்கு இருவரும் வீடியோவில் கைகளால் பேசிக்கொள்வார்கள். திரைச்சீலையில் அவன் விரல்களின் நிழல் நீந்துவதைப் பார்த்தபடியே நான் பல ஞாயிறுகள் தூங்கிப் போயிருக்கிறேன்.

"என்னண்ணே, நெட்டு போச்சா?"

"நான்தான் கெடுத்துட்டேன்."

இரண்டு மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட ஃபோனை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனான். அங்கே சிக்னல் இரண்டு கோடுதான். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவன் கைகளால் ஏதோ சொல்லிவிட்டுத் திரையையே உற்றுப் பார்த்தான். வேர்வையில் நனைந்து திரும்பி வந்தான்.

"அவ கை பாதியிலயே நின்னுபோச்சுண்ணே. என்ன சொன்னான்னே தெரியல."

ரவுட்டர் முழுதாகச் சாகவில்லை என்று எனக்குத் தெரியும். மின்சாரம் வந்ததும் முதலில் விழிக்கும் ஒரு சிறு நிரல் அதற்குள் உண்டு. பூட்லோடர் என்பார்கள். மற்றதெல்லாம் அழிந்தாலும் அது இருக்கும். அதை எழுப்பிவிட்டால் புது மென்பொருளை வாங்கிக்கொள்ளும். கோப்பு என் லேப்டாப்பில் இருந்தது. ரவுட்டரை அணைத்து, கேபிளால் இணைத்து, ரீசெட் துளையில் ஊக்கு முனையை அழுத்திப் பிடித்தபடி சொன்னேன்.

"சுவிட்சைப் போடு."

முதல் முறை சீக்கிரம் கையை எடுத்துவிட்டேன். இரண்டாம் முறை லேப்டாப்புக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்க மறந்திருந்தேன். மூன்றாம் முறை அவன் மெதுவாகப் பத்துவரை எண்ணினான். சிவப்பு விளக்கு மறைந்து, தூங்குகிறவரின் மூச்சைப் போல நிதானமாக ஆரஞ்சு விளக்கு மினுங்கத் தொடங்கியது. லேப்டாப் திரையில் ஒரு வெள்ளைப் பக்கம், அதில் ஒரே ஒரு பொத்தான். கோப்பைக் கொடுத்து அழுத்தினேன்.

"இப்ப யாரும் எதையும் தொடக்கூடாது."

அவன் பிளக்கின் மேல் உள்ளங்கையை வைத்துக் காவல் நின்றான். வெளியே வெள்ளை வெயில். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. பச்சை விளக்கு வந்தபோது அவன்தான் என் தோளைத் தட்டினான். மணி இரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது.

அழைத்ததும் அவள் முகம் தெளிவாக வந்தது. என்ன ஆச்சு என்று இரு கைகளாலும் வேகவேகமாகக் கேட்டாள். அவன் சிரித்து, பிளக்கைப் பிடுங்குவதுபோல் காட்டிவிட்டு, ஃபோனை என் பக்கம் திருப்பி, என்னைச் சுட்டிக்காட்டினான். அவள் என்னைப் பார்த்து விரலை மூன்று முறை ஆட்டி, பிறகு நெற்றியைத் தொட்டு ஏதோ சொன்னாள்.

"என்னப்பா சொல்றாங்க?"

"அதெல்லாம் தமிழ்ல சொன்னா நல்லாருக்காதுண்ணே" என்றான்.