கழக்கூட்டத்தில் காயாத சந்தனம்

நான் நாத்திகன்கூட இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாத்திகத்துக்கு வேண்டிய சுறுசுறுப்பு என்னிடம் கிடையாது. சாமி, பேய், ஜோசியம், வாஸ்து எல்லாவற்றையும் ஒரே மூலையில் ஒதுக்கிவிட்டு, சுண்டல் கொடுக்கும்போது மட்டும் கையை நீட்டுகிற வகை. ஐம்பது வயது தாண்டும்வரை வருமானவரி இலாகாவின் மின்னஞ்சலைத் தவிர வேறெதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை. ஆகையால் நீங்கள் சிரித்தால் வருத்தப்பட மாட்டேன். வேறொருவன் இதைச் சொல்லி நான் கேட்டிருந்தால், அவன் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு வெளியே வந்து ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பேன். இன்னொன்று, இது ராத்திரி நடக்கவில்லை. நல்ல வெயில், பகல் வேளை, நாய் ஊளையிடவில்லை, மல்லிகைப்பூ வாசனையும் வரவில்லை. பேய்க்கதைக்குப் பழகியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நானும் என் அக்காவின் கணவர், அதாவது அத்திம்பேரும் சேர்ந்து ஒரு சின்ன கம்பெனி நடத்துகிறோம். டயாலிசிஸ் சென்டர்களுக்கு மென்பொருள். எந்த நோயாளிக்கு எந்த மெஷின், உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், யாருக்கு எந்த மருந்து ஆகாது, யாருக்குத் தொற்று இருப்பதால் தனி மெஷின், எல்லாம் அதில்தான். இத்தனையையும் தாங்கிய சர்வர், வலியசாலையில் அத்திம்பேர் வீட்டு முன்னறையில் ஒரு தேக்கு மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. நம்புங்கள், அக்கா பாலில் உறைகுத்தி அதன் பக்கத்தில்தான் வைப்பாள். அந்த வெதுவெதுப்பில் தயிர் சீக்கிரம் தோயும், சாயங்காலத்துக்குள் புளித்தும் போகும். சர்வர் செய்த வேலைகளில் ஒருபோதும் புகார் வராத வேலை அது ஒன்றுதான்.

கரண்ட் போனால் கம்பெனியும் போகும். அது போதாதென்று வருடத்துக்கு ஒருமுறை சரஸ்வதி பூஜை. நவமியன்று புத்தகங்களோடு சர்வரையும் பூஜையில் வைப்பார் அத்திம்பேர். நிறுத்தி, நெற்றியில் சந்தனம் இட்டு, பட்டுத்துணி போர்த்தி, விஜயதசமி காலையில் பூஜையெடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. அந்த ஒரு நாளுக்காக எல்லா சென்டர்களிலும் காகிதத்தில் எழுதிவைத்துச் சமாளித்தார்கள். போன வருடம் அவர்கள் சொல்லிவிட்டார்கள், இனி காகிதம் கிடையாது, பெட்டி நிற்கவே கூடாது, நின்றால் நீங்களும் வேண்டாம்.

கிளவுட் என்றேன். அத்திம்பேர் குதித்தார். "எங்க இருக்குன்னே தெரியாத எடத்துல ஊரார் பெட்டிக்குள்ள நம்ம டேட்டாவா? நடக்காதுடா." கடைசியில் மேனேஜ்ட் கோலொகேஷனில் சமாதானம் ஆயிற்று. ஒன்றுமில்லை, பையனை ஹாஸ்டலில் சேர்ப்பது மாதிரி. பெட்டி நம்முடையது, இடம் அவர்களுடையது. இரண்டு வழி கரண்ட், ஜெனரேட்டர், குளிர், காவல், இன்டர்நெட் எல்லாம் அங்கே உண்டு. வார்டனும் உண்டு, பெட்டிக்கு ஜுரம் வந்தால் அவர்கள் ஆளே பார்த்துக்கொள்வார். ஊர்க்கோடியில், கழக்கூட்டத்தில் அப்படியொரு டேட்டா சென்டரில் கொண்டுபோய்ப் பூட்டினோம். தேக்கு மேஜை காலியாயிற்று. தூசியே படாத ஒரு நீள்சதுரம் மட்டும் அதில் மிஞ்சியது.

நவமி வந்தது. முன்னறையில் புத்தகங்கள் அடுக்கியாயிற்று. அத்திம்பேர் என்னைப் பார்த்தார்.

"பெட்டிய இன்னிக்கு நிறுத்தச் சொல்லலையா?"

"டயாலிசிஸ் பண்ணிக்கப்படாதுன்னு சரஸ்வதி எங்கேயாவது சொல்லியிருக்காளா அத்திம்பேர்?"

"வாயி நீளம் நோக்கு. சாரமில்லை, போகட்டும், நீ ஒண்ணும் நிறுத்தாண்டாம். நான் இங்கயே பூஜைல வெச்சுக்கறேன்."

சொன்னபடியே செய்தார். காலி மேஜையில், அந்த நீள்சதுரத்தின் முன்விளிம்பில், வழக்கமாகப் பெட்டியின் நெற்றி இருக்கிற இடத்தில், மூன்று விரலால் சந்தனம் இழுத்தார். நடுவில் குங்குமம். ஒன்றுமில்லாத இடத்தின்மேல் பட்டுத்துணியை விரித்தார்.

"அத்திம்பேர், இது என்ன, ஒர்க் ஃப்ரம் ஹோம் பூஜையா?" என்றேன். அக்காவே சிரித்துவிட்டாள்.

சுண்டல் வாயில் இருக்கும்போதே போன். ஒரு டயாலிசிஸ் சென்டரிலிருந்து தலைமை நர்ஸ். கோபம் வந்தால் அவருக்குத் தமிழும் மலையாளமும் ஒன்றாகிவிடும். "சாரே, ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரல்ல. உச்சைக்கு, மத்தியானத்துக்கு வரவேண்டிய ஆளுக எல்லாம் வந்து இருக்குது. யாருக்கு எவ்வளவு எடுக்கணும்னு எனக்கு எப்படி அறியும்? நெஞ்சு வரைக்கும் தண்ணி ஏறி மூச்சு வாங்கிட்டு ஒரு வயசான அச்சன் இருக்காரு. வேகம் பாக்கணும் சாரே."

மற்ற சென்டர்களிலும் அதே கதை. டேட்டா சென்டருக்கு அடித்தேன். அங்கே பணியில் இருந்தவள் ஷைனி, மார்த்தாண்டத்துப் பெண், இஞ்சினியர். "சார், எல்லா லைட்டும் பச்சையாக்கும். கரண்டு இருக்கு, லைன் இருக்கு, பெட்டி ஓடுது. ஆனா கூப்பிட்டா பேச மாட்டேங்குது. நீங்க ஒண்ணு வந்து பாருங்க, எடுத்து வச்ச பேக்கப்ப வேற பெட்டியில ஏத்தணும்னா சாயங்காலம் ஆவும்." மூச்சு வாங்குகிற மனிதருக்கு சாயங்காலம்வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. ஸ்கூட்டரை எடுத்தேன். சாக்கை பைபாஸில் எப்படிப் போனேன் என்று என்னைக் கேட்காதீர்கள், போலீஸும் கேட்கவில்லை.

டேட்டா ஹால் என்பது ஜன்னலில்லாத இடம். உள்ளே பகலும் கிடையாது, இரவும் கிடையாது, எல்லா நேரமும் மார்கழி. தண்ணீர் பாட்டில்கூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். என் செல்போனையும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு, செருப்புக்கு உறை மாட்டி அனுப்பினார்கள். ஷைனி எங்கள் பெட்டி இருக்கும் ரேக்கின் பூட்டைத் திறந்தாள்.

பெட்டியின் நெற்றியில் சந்தனம். மூன்று கோடு, நடுவில் குங்குமம்.

ஈரமாக இருந்தது. அந்த இடத்துக் காற்றில் நம் உதடே வெடிக்கும், நனைந்த துணி நின்றபடியே உலரும். அங்கே அது அப்போதுதான் இழுத்த மாதிரி பளபளத்தது.

"சார், இதென்னது? உள்ள ஈர சாமான் கொண்டுவரப்பிடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கோமே" என்றாள் ஷைனி, அவ்வளவு ஒழுங்கான பெண். அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது. குரல் இறங்கிவிட்டது. "கேட்டியளா சார், நீங்க பூட்டிட்டுப் போன பெறவு இந்த ரேக்க யாரும் தொறக்கல்ல. கேமரால நானே பாத்தேன்."

நான் பயப்படவில்லை. கோபம்தான் வந்தது. கைக்குட்டையை எடுத்து அழுத்தித் துடைத்தேன். கைக்குட்டையில் சந்தனம் வந்தது. பெட்டியிலும் சந்தனம் இருந்தது, குறையாமல், அதே மூன்று கோடு. மறுபடி துடைத்தேன். மறுபடியும் இருந்தது. ஷைனி சிலுவை போட்டுக்கொண்டு, "நான் சர்ச்சுக்குப் போறவ சார், எனக்கு இதொண்ணும் தெரியாது" என்று ஒரு அடி பின்வாங்கினாள். கீபோர்டை மாட்டித் தட்டினேன். திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டியை நிறுத்தி மறுபடி போட்டோம். விளக்குகள் அணைந்து, அழகாகப் பச்சைக்கு வந்தன. வாய் மட்டும் திறக்கவில்லை.

சுவரில் ஒரு போன் தொங்கியது. அதிலிருந்து வீட்டுக்கு அடித்தேன். ஆயுளில் நான் அத்திம்பேரிடம் கெஞ்சிய ஒரே சந்தர்ப்பம் அது.

"அத்திம்பேர், மேஜைல இட்ட சந்தனத்தைத் துடைங்கோ. அது இங்க வந்திருக்கு."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் சிரித்தார். "பைத்தியமாடா நோக்கு? வலியசாலைல வெச்ச சந்தனம் கழக்கூட்டத்துக்கு பஸ்ஸேறி வருமா? அங்க உள்ளவா யாரோ பூஜை போட்டிருப்பா. படிச்சவன் பேசற பேச்சா இது?"

தினமும் இரண்டு வேளை சந்தியாவந்தனம் பண்ணுகிறவர் என்னைப் பகுத்தறிவாளர் மாதிரி கேலி செய்கிறார், நான் சந்தனத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறேன். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

"சரி, நேக்குப் பைத்தியம். துடைச்சா உங்களுக்கு என்ன போச்சு?"

"பூஜைல வெச்சத நடுவுல தொடப்படாது. நாளைக் காலம்பற பூஜையெடுத்தப்புறம் தொடைப்பேன். அதுக்கு முன்னாடி பிரம்மாவே வந்து சொன்னாலும் முடியாது."

கத்தினேன். வெறும் மேஜையைவிட மனுஷன் பெரிசில்லையா என்றேன். அவரும் கத்தினார். நடுவே ஒரு இழுபறி, ரிசீவர் கை மாறியது. அக்கா.

"எத்தனை பேர்டா ஒக்காந்திருக்கா?"

"மத்தியான ஷிப்ட் பூரா அக்கா. ஒருத்தருக்கு மூச்சு முட்டறது."

"என்னடீ பண்ணப் போற, பாவம்டீ அது" என்று பின்னால் அத்திம்பேர் குரல் கேட்டது. அக்கா அவருக்குச் சொன்ன பதில் எனக்கும் தெளிவாகக் கேட்டது: "பாவம்னா அது என் கணக்குல இருக்கட்டும். அவகிட்ட நான் சொல்லிக்கறேன். அவளும் பொம்மனாட்டிதானே, புரியும்."

பட்டுத்துணியை உருவுகிற சரசரப்பு. அப்புறம் அக்கா, "அய்யோ!" என்றாள்.

"என்னக்கா?"

"ஐஸ் மாதிரி இருக்குடா மேஜை. வெரல் ஒட்டிக்கறது."

நான் ரேக்கைத் திரும்பிப் பார்த்தேன். ஷைனியும் பார்த்தாள், வேண்டுமானால் அவளைக் கேளுங்கள். எங்கள் கண்ணெதிரே சந்தனம் ஒரு ஓரத்திலிருந்து வெளிறிக்கொண்டே வந்தது, யாரோ முந்தானையால் அழுத்தித் துடைக்கிற மாதிரி, இடமிருந்து வலமாக. பொடிகூட விழவில்லை. திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. அடுத்த நிமிடம் வாசலில் நான் விட்டுவந்த செல்போனில் நர்ஸ் அழைத்திருக்கிறார், வெளியே போனதும் பார்த்தேன். திருப்பி அடித்தால், "வந்நு சாரே, அச்சன மெஷின்ல போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

ஷைனியின் கவலை வேறு. "நடந்தத மேல எழுதிக் கொடுக்கணுமே சார், என்னன்னு எழுத?" கடைசியில் 'வெளிப்பொருள் படிவு, சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதினாள். இதைவிட நல்ல விளக்கம் இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இந்த வருடமும் நவமி வந்தது. அத்திம்பேர் ஒன்றும் சொல்லாமல் புத்தகங்களோடு நிறுத்திக்கொண்டார், மேஜைப் பக்கமே போகவில்லை. பெட்டி கழக்கூட்டத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. பக்தியால் நான் நிறுத்தவும் இல்லை, பயத்தால் கும்பிடவும் இல்லை. எந்தச் சக்தியாவது என்னிடம் பேச வேண்டுமென்றால், மூச்சு வாங்கும் ஆட்களைப் பணயம் வைக்காமல் நேராக என்னிடம் பேசட்டும். வலியசாலையில்தான் இருக்கிறேன், சாயங்காலங்களில் ஓய்வுதான்.

மேஜை மட்டும் அப்படியே இருக்கிறது. தூசியே படாத அந்த நீள்சதுரம் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. பக்கத்திலேயே மற்ற மரம் சாதாரணமாக, இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு ஏற்றபடி பிசுபிசுப்பாக இருக்கும். தேக்கு அப்படித்தான் குளிரும் என்கிறார் அத்திம்பேர், விஞ்ஞானி. அக்கா ஆராய்ச்சியெல்லாம் செய்யவில்லை. தோய்ந்த தயிரை இப்போது அங்கேதான் வைக்கிறாள். மறுநாள் மத்தியானம்வரை புளிப்பதில்லை. நானும் போட்டுச் சாப்பிடுகிறேன், எதற்காக விட வேண்டும்?

இந்த நவமியன்று மட்டும் தயிர்ப் பாத்திரத்தை அடுக்களையில் வைத்திருந்தாள். ஏனென்று கேட்டேன்.

"காலம்பற அங்கதான்டா வெச்சேன்" என்றாள். "அத்திம்பேர் புத்தகத்துக்குச் சந்தனம் இட்டுண்டிருக்கறச்சே எடுத்துப் பாத்தா, கல்லா உறைஞ்சிருந்தது. தயிரேடு மேல மூணு கோடு."